டத்தோ கோலா கங்சார் தாண்டிவிட்டார்

செயலவைக்குப் புதிதாக வந்திருக்கும் ஒன்பது பேருக்கும் முதலில் என் வாழ்த்து. மன்றத்தின் மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். ஒரு பக்கத்தில் எனக்கு வணக்கம் சொல்லவே இடம் போதாது. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பக்கம் பற்றாவிட்டால் விளம்பரங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். என் கம்பெனி விளம்பரத்தை மட்டும் குறைக்க வேண்டாம்.

நான் யார் என்பது ஈப்போவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஓரிருவருக்காகச் சொல்கிறேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. அதோடு படிப்பு சரி. பதினான்கு வயதில் லோரியில் கெலிண்டானாக ஏறினேன். சரக்கு ஏற்றுவது, இறக்குவது, ஓட்டுநருக்குத் தூக்கம் வந்தால் பேச்சுக் கொடுப்பது, இதுதான் கெலிண்டான் வேலை. முப்பது வயதில் சொந்த லோரி வாங்கினேன். நாற்பதில் நான்கு லோரி. பட்டம் வாங்கிய பிள்ளைகள் இரண்டு பேர் என் அலுவலகத்தில் உட்கார்ந்து எனக்காகக் கடிதம் எழுதினார்கள். இந்தக் கட்டுரையை மட்டும் நானே என் கையால் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்த வேண்டாம், அதுவும் என் சொந்த உழைப்பு.

இந்த இளைஞர் மன்றத்துக்கு இருபத்திரண்டு வருடம் தலைவராக இருந்தேன். ஐம்பத்தெட்டு வயதுவரை எப்படி இளைஞர் மன்றத்தில் இருந்தீர்கள் என்று சில பொறாமைக்காரர்கள் கேட்பார்கள். இளமை மனத்தில் இருக்கிறது என்று சட்டவிதியில் ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். ஏகமனதாக நிறைவேறியது. எதிர்க்கக்கூடியவர்கள் அன்று என் லோரியில்தான் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

கூட்ட அறிக்கை எப்படி எழுதுவது, மண்டபத்துக்கு யாரிடம் சாவி வாங்குவது, பள்ளிக்கூடத்துக்கு எப்படிக் கடிதம் போடுவது, இதையெல்லாம் செயலாளர் உங்களுக்குச் சொல்வார். நான் சொல்லப்போவது வேறு. பொதுச்சேவையில் ஒரு நாள் வரும். அன்று சட்டவிதியும் உதவாது, அறிக்கையும் உதவாது. பக்கத்தில் நிற்கும் நாலு பேர் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அதில் நான் என்ன செய்தேன் என்று பத்திரிகையில் வந்தது. அதை நம்பாதீர்கள். இதைப் படியுங்கள்.

அதற்கு முன்னால், என் சட்டம் ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

நான் தலைவரான முதல் வருடம், நம் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் இந்து மயானத்தைச் சுத்தம் செய்தோம். இரண்டு நாள் வேலை. லாலான் புல் இடுப்பளவு. பாம்பு இரண்டு. கையெல்லாம் கொப்புளம். முடித்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தாமான் மன்றத்துக்காரர்கள் வந்தார்கள். புத்தம்புது விளக்குமாறு ஆளுக்கு ஒன்று. நாங்கள் சுத்தம் செய்த இடத்தில் பத்து நிமிடம் நின்றார்கள். படம் எடுத்தார்கள். போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் மூன்றாம் பக்கத்தில் அவர்கள் படம். மயானத்தைக் காத்த மாவீரர்கள் என்பதுபோல ஒரு தலைப்பு. எங்கள் தாமான் கிழவர்களே அவர்களுக்குப் போன் போட்டு நன்றி சொன்னார்கள்.

அன்று நான் ஒரு சட்டம் போட்டேன். படம் இல்லையென்றால் நிகழ்ச்சி நடக்கவில்லை. பேனர் இல்லையென்றால் அது படம் இல்லை. சிறப்பு வருகையாளர் இல்லையென்றால் அது பேனர் இல்லை. நான் சொல்லப்போகும் அந்த நாள்வரை நம் மன்றத்தின் ஒரு நிகழ்ச்சிகூடப் படமில்லாமல் நடந்தது கிடையாது. மழையிலும் எடுத்தோம். மின்சாரம் போனபோது நாலு மோட்டார் சைக்கிளின் விளக்கைப் போட்டு எடுத்தோம். ஓர் இரத்ததான முகாமில் மயங்கி விழுந்த ஒருவரைத் தூக்கி நிறுத்திப் படம் எடுத்துவிட்டு மறுபடி படுக்கவைத்தோம். மேடையில் இதைச் சொல்லும்போதெல்லாம் கைதட்டு கிடைத்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

சுங்கை சிப்புட்டைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு பழைய ரப்பர்த் தோட்டம் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வது பழக்கம், இப்போது எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. பின்னால் மலையிலிருந்து ஓர் ஆறு இறங்குகிறது. சிறிய அருவி, அதற்குக் கீழே ஆழமில்லாத குளம்போல ஓர் இடம். பள்ளி விடுமுறையில் தாமான் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரை அங்கே தன்னம்பிக்கை வளர்க்கும் ஒருநாள் தன்முனைப்பு முகாமுக்குக் கூட்டிப் போனோம். எல்லோரும் பத்திலிருந்து பதினைந்து வயது. பெற்றோர் என்னை நம்பித்தான் அனுப்பினார்கள். மன்றத்தை நம்பி அல்ல, என்னை நம்பி. "நீங்க போறீங்கதானே அண்ணே, அப்ப சரி" என்று முப்பத்திரண்டு வீட்டிலும் ஒரே வார்த்தை. அதை நான் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரியவர்களில் நான்கு பேரை மட்டும் நினைவில் வையுங்கள். செயலாளர் தர்ஷினி, பத்தொன்பது வயது, கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். விளையாட்டுப் பிரிவு விமல், இருபது வயது, கைப்பந்து ஆட்டக்காரன், சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்யவே மாட்டான். ஸ்டீவன், ஈப்போவில் கல்யாணப் படம் எடுப்பவர், நமக்கு இலவசமாக வருவார். நான்காவது, சமையல் அக்கா.

சமையல் அக்கா என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் எல்லோருக்கும் அக்கா என்பதால் எனக்கும் அக்கா. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை. அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீடு ஒன்றில்தான் பிறந்து வளர்ந்தவர். அவர் பெயரை இதில் எழுத அனுமதி கேட்டேன். "வேணாம்ணே, பேரப் போட்டீங்கன்னா மாநிலத்துல உள்ள மன்றம் எல்லாம் என்னையே சமைக்கக் கூப்பிடும்" என்றார். ஆகவே பெயர் இல்லை.

சிறப்பு வருகையாளர் ஒரு டத்தோ, சுல்தானிடம் பட்டம் வாங்கிய பெரிய மனிதர். பத்து மணிக்கு வந்து முகாமைத் திறந்துவைக்க வேண்டும். திறந்துவைக்க அங்கே என்ன இருக்கிறது, ஆறு ஏற்கெனவே திறந்துதானே கிடக்கிறது என்று தர்ஷினி கேட்டாள். சொன்னேனே, வாய் நீளம்.

பத்து மணிக்கு டத்தோவின் உதவியாளர் போன் செய்தார். "டத்தோ ஆயர் தாவார்ல ஒரு திறப்பு விழா முடிச்சிட்டு வாராரு அண்ணே. கோலா கங்சார் தாண்டியாச்சு." பத்தே முக்காலுக்கு நான் போன் செய்தேன். "இப்பத்தான் அண்ணே கோலா கங்சார் தாண்டுறோம்." பதினொன்றே காலுக்கு மறுபடி. "கோலா கங்சார் வந்தாச்சு அண்ணே, தாண்ட வேண்டியதுதான் பாக்கி." நான் லோரிக்காரன். எந்த ஊரை எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை தடவை தாண்டலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் டத்தோ சொன்னால் நம்ப வேண்டும், அதுதான் பொதுவாழ்க்கை.

வந்து இறங்கியதும் படம் எடுத்துவிட வேண்டும், டத்தோக்கள் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டார்கள். அதனால் நான் ஏற்பாட்டை முன்கூட்டியே முடித்துவைத்தேன். ஆற்று நடுவில் மேசைபோலத் தட்டையாக ஒரு பாறை. கரையிலிருந்து ஒரு பன்னிரண்டு அடி வைத்தால் போய்விடலாம், தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. பாறைமேல் பேனர், பின்னால் அருவி, முன்னால் தண்ணீரில் முப்பத்திரண்டு பிள்ளைகள், நடுவில் டத்தோ, பக்கத்தில் நான். அருவியும் நானும் ஒரே படத்தில். எனக்கே என் மூளையை நினைத்தால் ஆச்சரியமாக இருந்தது.

பேனர் பன்னிரண்டு அடி நீளம். இடது பக்கம் டத்தோவின் முகம், வலது பக்கம் என் முகம், நடுவில் கிடைத்த இடத்தில் மன்றத்தின் பெயர். பிடிக்க இரண்டு பேர் வேண்டும். தர்ஷினியையும் விமலையும் பாறைமேல் ஏற்றினேன். அருவிச் சத்தத்தில் பேசினால் கேட்காது. ஆகவே கைச்சாடை சொல்லிக்கொடுத்தேன். ஒரு கை தூக்கினால் பேனரை மேலே தூக்கணும். இரண்டு கையும் ஆட்டினால் இழுத்துப் பிடிக்கணும், சுருக்கம் விழக்கூடாது. விசில் அடித்தால் சிரிக்கணும். மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம். மூன்றிலும் சிரித்தார்கள்.

"நான் சொல்ற வரைக்கும் எறங்கக் கூடாது. பேனர் நனையக் கூடாது. புரிஞ்சுதா?"

"எவ்ளோ நேரம்ணே?" என்றாள் தர்ஷினி.

"டத்தோ கோலா கங்சார் தாண்டிட்டார்லா."

"அவரு தாண்டிக்கிட்டே இருக்காரு, நாங்க நின்னுக்கிட்டே இருக்கோம்."

விமல் கால்களை அகட்டி நன்றாக நின்றுகொண்டான்.

வெயில் சுள்ளென்று அடித்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. பிள்ளைகள் கீழே தண்ணீரில் கும்மாளம் போட்டார்கள். ஸ்டீவன் கரையில் முக்காலி போட்டுக் கேமராவைப் பாறையை நோக்கி வைத்துக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் பக்கத்தில் கழுத்தில் விசிலோடு நின்றேன். சாலைப் பக்கம் ஒரு கண், பேனர் மேல் ஒரு கண். ஆற்றின் மேல் என் கண் இல்லை. முப்பத்திரண்டு பிள்ளைகளை அதில் இறக்கிவிட்டிருந்தேன், என் கண் அதன்மேல் இல்லை.

சமையல் அக்கா கொஞ்சம் மேலே, ஆற்றோரம் அரிசி களைந்துகொண்டிருந்தவர், பானையை அப்படியே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார்.

"அண்ணே, தண்ணி மாறுது. புள்ளைங்கள மேல ஏத்துங்க."

"என்ன மாறுது?"

"கலங்குது. காஞ்ச எல, குச்சியெல்லாம் வருது. மலைமேல மழ பெஞ்சிருக்கு."

நான் வானத்தைக் காட்டினேன். "எங்க அக்கா மழ? மண்ட பொளக்குது வெயிலு. டத்தோ கோலா கங்சார் தாண்டிட்டாரு. இன்னும் பத்து நிமிசம்."

"தண்ணி எதத் தாண்டிருக்குன்னு தெரியலையேண்ணே" என்றார்.

மலையில் பெய்கிற மழை, கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே, திடீரென்று ஒரு சுவர் மாதிரி ஆற்றில் இறங்கும். மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்பார்கள், தண்ணீரின் தலை என்று அர்த்தம். எனக்கு அது தெரியாதா? தெரியும். தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததை ஒப்புக்கொண்டால் படத்தைக் கைவிட வேண்டும். டத்தோ வந்து இறங்கும்போது ஆற்றில் ஒருவரும் இல்லையென்றால் நான் என்ன பதில் சொல்வேன்? நம்புங்கள், அப்போது என் மனத்தில் ஓடியது இந்தக் கேள்விதான்.

"நீங்க போய்ச் சமையலப் பாருங்கக்கா" என்றேன்.

சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். சண்டையில் நான் தோற்றதே இல்லை. அக்கா சண்டை போடவில்லை. திரும்பிப் போனார். பெரிய சட்டியின் மூடியை எடுத்தார், கரண்டியால் ஓங்கி நாலு தட்டுத் தட்டினார்.

"கோழி ரெடி! மொத வர்றவங்களுக்குத் தொட! கடைசியா வர்றவங்களுக்குக் கழுத்து!"

முப்பத்திரண்டு பேரும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கரையேறினார்கள். தண்ணீர் வருகிறது என்று கத்தியிருந்தால் பாதிப் பேர் எங்கே என்று பார்க்க நின்றிருப்பார்கள், மீதிப் பேர் பயந்து வழுக்கி விழுந்திருப்பார்கள். கழுத்து என்றதும் ஒருவன்கூட நிற்கவில்லை. என்னைத் தள்ளிவிட்டுக்கொண்டு ஓடினார்கள். மேட்டில் அக்காவின் உதவிக்கு வந்திருந்த இரண்டு பெண்கள் அவர்களை வரிசையில் உட்காரவைத்துத் தலையை எண்ணினார்கள். முப்பத்திரண்டும் சரி.

நான் கோபமாகப் போய்ச் சட்டியைப் பார்த்தேன். கோழி அப்போதுதான் மஞ்சள் தடவிப் பச்சையாகக் கிடந்தது. அடுப்பே பற்றவைக்கவில்லை.

"என்னக்கா இது?"

அக்கா பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

தர்ஷினியும் விமலும் பேனரைப் பிடித்தபடி நின்றார்கள். தொடையும் கழுத்தும் அவர்களுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லாமல் இறங்க மாட்டார்கள். அவர்களைச் சுற்றித் தண்ணீர் தே தாரேக், அதான் பால் தேநீர், நிறத்துக்கு மாறியிருந்தது. ஒரு முழுக் கிளை, இலையோடு, பாறையின் ஓரத்தில் மோதிச் சுழன்று போனது. அவர்கள் இருவரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேனர் முன்னால் மார்பளவுக்கு மறைத்ததால் காலடித் தண்ணீர் அவர்கள் கண்ணில் படவில்லை.

ஸ்டீவன் பக்கத்தில் ஓடிப்போய்க் கத்தினேன். "எறங்குங்க! வாங்க!" அருவி என் குரலைத் தின்றுவிட்டது. இரண்டு கைகளையும் ஆட்டினேன். பேனரை இழுத்துப் பிடித்தார்கள். சுருக்கமே இல்லை. ஒரு கையைத் தூக்கினேன். பேனர் மேலே போனது. என்ன செய்வதென்று தெரியாமல் விசிலை எடுத்து, உயிர் போகிற மாதிரி ஊதினேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

தம்பி, தங்கச்சி, இதைப் படித்துவிட்டு நீங்களும் சிரிப்பீர்கள், பரவாயில்லை. எனக்கு அந்தச் சிரிப்பு இன்றைக்கும் கனவில் வருகிறது. நல்ல பிள்ளைகள். நான் சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் செய்தார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கப் போனேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எங்க போறீங்க? நீங்க எறங்குனா படத்துக்குத்தான் வாரீங்கன்னு நெனச்சு, நடுவுல எடம் விட்டு நிப்பாங்க."

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க? செத்துருவாங்கக்கா!"

"திரும்பிப் போங்க."

"என்னது?"

"அவங்களுக்கு முதுகக் காட்டி, மேட்டப் பாத்து நடங்க. ஸ்டீவன், நீ கேமராவ மடக்கிக்கிட்டு அண்ணன் பின்னாலயே போ. சும்மா வேடிக்க பாக்காத. அண்ணே, நீங்க இங்க நிக்கிற வரைக்கும் அதுங்க அங்க நிக்கும். போங்க. திரும்பிப் பாக்காதீங்க. பாத்தீங்கன்னா மறுபடி சிரிக்கும்."

என் வாழ்க்கையில் நான் நிறைய தைரியமான காரியங்கள் செய்திருக்கிறேன். பிரேக் பிடிக்காத லோரியை மலை இறக்கத்தில் பள்ளத்துக்குள் ஓட்டி நிறுத்தியிருக்கிறேன். கடன் கொடுத்தவர்கள் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது முன்பக்கமாகவே வீட்டுக்குள் போயிருக்கிறேன். ஆனால் என் பொறுப்பில் இருக்கும் இரண்டு பிள்ளைகளைப் பெருகிவரும் ஆற்று நடுவில் விட்டுவிட்டு, முதுகைக் காட்டி நடப்பதற்கு வேறு வகையான தைரியம் வேண்டும். அது என்னிடம் இல்லை. அக்கா முதுகில் கை வைத்துத் தள்ளினார், அதனால் நடந்தேன். பின்னால் ஸ்டீவன் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவர் வாய்க்குள் ஏதோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஏதோ சொன்னேன், எந்தச் சாமியிடம் என்று நினைவில்லை.

பதினேழு அடி. ஒவ்வொன்றையும் எண்ணினேன். பதினெட்டாவது அடி வைக்கும்போது பின்னாலிருந்து கேட்டது.

"அண்ணே! எங்க போறீங்க? ஒன்ற மணி நேரமா நிக்கிறோம், தண்ணி ஏறுதுன்னு ஒரு வார்த்த சொல்லாம போறீங்களே!"

திரும்பினேன். தர்ஷினி கரையில் நின்றாள். இடுப்புவரை ஈரம், முகத்தில் அத்தனை கோபம். அவ்வளவு அழகான கோபத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"விமல் எங்க?" என்றேன்.

விமல் பாதி ஆற்றில் இருந்தான். பேனர் நனையக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா? அதைப் பாறைமேல் வைத்துப் பொறுமையாகச் சுருட்டி, இரண்டு கைகளாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். தண்ணீர் அவன் தொடையைத் தாண்டியிருந்தது. ஒவ்வோர் அடியையும் தடவித் தடவி வைத்தான். அந்த நேரத்தில்தான் மேலேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. லோரி கூட்டம் ஒன்று மொத்தமாக மலை இறங்குகிற மாதிரி.

அக்கா சோறு கிளறும் நீண்ட மரத் துடுப்பை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இரண்டு அடி இறங்கி நீட்டினார். "புடி! புடிடா!"

விமலுக்குப் பிடிக்கக் கை இல்லை. பேனரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அனுமதி கேட்டான், தம்பி. அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு கண்ணால் என்னிடம் அனுமதி கேட்டான்.

நான் கத்துவதற்குள் தர்ஷினி கத்திவிட்டாள். "போடுடா அத! தலைவரு மூஞ்சி நனஞ்சா நனையட்டும்!"

போட்டான். துடுப்பைப் பிடித்தான். அக்கா துடுப்பை இழுத்தார், நான் அக்காவின் டி-சட்டையைப் பிடித்து இழுத்தேன், ஸ்டீவன் முக்காலியை எறிந்துவிட்டு என் இடுப்புவாரைப் பிடித்து இழுத்தார். எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராகச் சேற்றில் விழுந்தோம். எழுந்து மேட்டுக்கு ஓடித் திரும்பிப் பார்த்தபோது பாறை இல்லை. பிள்ளைகள் விளையாடிய குளம் இல்லை. அக்கா அரிசி களைந்த பானை இல்லை. மரங்களும் மண்ணும் கலந்து சிவப்பாக ஒரு பெரிய ஓட்டம் மட்டும் இருந்தது. அதில் பேனர் ஒரு தடவை விரிந்தது. முதலில் டத்தோ போனார், பின்னாலேயே நான் போனேன்.

மேட்டில் ஒரு சின்னப் பிள்ளை கேட்டாள். "அக்கா, தொட எங்க?"

டத்தோ ஒரு மணிக்கு வந்தார். ஆற்றைப் பார்த்தார். "நல்ல தண்ணியாத்தான் போகுது, ஏன் ஒருத்தரும் குளிக்கல?" என்றார். நடந்ததைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். போகும்போது அக்காவிடம் கோழி அருமை என்றார். நல்ல மனிதர், நேரம் மட்டும்தான் அவரிடம் நிற்காது.

மறுநாள் நிருபர் போன் செய்தார். என்ன நடந்தது என்று கேட்டார். நான் சொன்னேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வாக்கியம் எல்லாம் நான் என்று தொடங்கியது. தலைவரின் சமயோசிதத்தால் அனைவரும் தப்பினர் என்று வந்தது. அக்காவைப் பற்றி ஒரு வரி இருந்தது, மதிய உணவும் வழங்கப்பட்டது என்று. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எனக்கு நினைவுப் பலகை கொடுத்தார்கள். முதுகைக் காட்டி நடந்தது என் திட்டம் என்று மேடையில் விளக்கினேன். அதற்குப் பெரிய கைதட்டு. பின்வரிசையில் அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரும் கைதட்டினார், அதுதான் என்னைத் தின்றது.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது தர்ஷினி பக்கத்தில் வந்தாள்.

"நல்லாப் பேசுனீங்கண்ணே. திட்டமெல்லாம் பிரமாதம்."

"கிண்டல் பண்ணாதம்மா."

"இல்லண்ணே. ஒண்ணு கேக்கணும். நீங்க முதுகக் காட்டிக்கிட்டுப் போனப்ப விமல் என்ன சொன்னான் தெரியுமா? 'தலைவர் கோவிச்சுக்கிட்டாரு போல, டத்தோ வரலைன்னு போறாரு, நம்ம நிப்போம், திரும்பி வருவாரு'ன்னான்."

அவர்கள் அங்கேயே நின்றிருக்கலாம். அக்காவின் யோசனையும் தோற்றிருக்கலாம்.

"அப்புறம் எப்படி எறங்குனீங்க?"

"நான்தான் எறங்குவோம்னேன். அண்ணன் கோவத்துல போகல, அங்க என்னமோ பெருசா நடக்குது, ஓடுன்னு சொல்லி அவனத் தள்ளுனேன், அவன் பேனரச் சுருட்ட நின்னுட்டான். அப்பத்தான் கீழ பாத்தேன், தண்ணி."

"உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

நாற்காலியை மடக்கி அடுக்கின்மேல் வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

"உங்களுக்குக் கால் ஒடஞ்சாலும், வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாலும், படம் எடுக்காம நீங்க போக மாட்டீங்கண்ணே. நீங்களே போறீங்கன்னா, யாருக்கோ உயிர் போகப் போவுதுன்னுதானே அர்த்தம்?"

இருபத்திரண்டு வருடத்தில் என்னைப் பற்றி எத்தனையோ பேர் மேடையில் பேசியிருக்கிறார்கள். இவ்வளவு சரியாக ஒருவரும் பேசியதில்லை. அவ்வளவு அற்பமான ஆளாக இருந்ததால்தான் அந்த இரண்டு பிள்ளைகள் பிழைத்தார்கள். அடுத்த கூட்டத்தில் நான் தலைவர் பதவிக்கு நிற்கவில்லை. தர்ஷினியை முன்மொழிந்தேன்.